நோயை ஆண்ட ஆர்தர் ஆஷ்

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக்கண் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தை ஊட்டுவோன் என்பன அந்நான்கு. இவற்றுள் மருத்துவனை முதற்கண் வையாது, நோயுற்றவனையே முதற்கண் வைத்தமை நோக்கத்தக்கது. நாமோ நோயாளியை ஒன்றும் செய்ய இயலாதவனாகவும், பிறர் செய்வதை ஏற்றுக்கொண்டு கிடப்பவனாகவும் எண்ணி வருகின்றோம். சின்னாளில் தீரும் காய்ச்சலில் வள்ளுவனார் கருத்து அத்துணைத் தெளிவாகப் புலப்படாது. வாழ்நாள் முழுதும் உடனுறையும் நோயிலோ அது நன்கு விளங்கும். என்னை? மருத்துவர் திங்களுக்கு ஒருமுறை சிறிது பொழுதே காண்பர். எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளியே தம்மைப் பேணிக்கொள்ளல் வேண்டும்.

இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கியவர் அமெரிக்க நாட்டு டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் என்பார். அவர் அந்நாட்டிற் சிறுபான்மையராகிய கறுப்பினத்திற் பிறந்தவர். பிறர் குருதி தம் உடலில் ஏற்றப்பட்டமையால் எச்.ஐ.வி. நோய்க்கு ஆளானவர், அந்நோயோடு ஏறத்தாழப் பத்தாண்டு வாழ்ந்து 1993ஆம் ஆண்டில் மறைந்தவர். கடல் கடந்த நாட்டார் ஒருவர் வரலாற்றை நம் கல்லூரி மலரில் எழுதப் புகுந்தது ஏன் எனிற் கூறுவேன். சென்னைக்கு வடபால், திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பாலைகளிலும் பிற ஆலைகளிலும் உழைப்போருள் பலர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களினின்றும் வந்தவர். மொழியால் அவ்விடத்தே சிறுபான்மையர். அம்மாவட்டத்தில் இருளர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் ஏதிலியர் முகாமும் உண்டு. இத்தகையோருள் ஒருவர் நெடுநோய்க்கு ஆளாயின், அவர் தம்மைத் தாமே பேணிக்கொள்ள வேண்டுவன யாவை? இவ்வினாவை உள்ளத்திற் கொண்டு ஆஷின் வரலாற்றைக் காண்போமாக.

பிறப்பும் வளர்ப்பும்

ஆர்தர் ஆஷ் 1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டு நகரிற் பிறந்தார். அந்நாளில் அந்நகரில் வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பர்க்கு ஒரு பள்ளி. வெள்ளையர்க்கு ஒரு பூங்கா, கறுப்பர்க்கு ஒரு பூங்கா. அவர் தந்தையார் கறுப்பர்க்குரிய புரூக்ஃபீல்டு என்னும் பூங்காவின் காவலர். குடும்பத்தார் வீடும் அப்பூங்காவினுள்ளேயே இருந்தது. வீட்டருகே இருந்த டென்னிஸ் களமே பின்னர் உலகறிந்த வீரரைத் தோற்றுவித்தது.

ஆஷ் ஆறு வயதினராக இருந்தபொழுது, 1950ஆம் ஆண்டில், அவர்தம் அன்னையார் மறைந்தார். தாயற்ற இரு மைந்தரையும் தந்தையார் கண்டிப்போடு வளர்த்தார். பள்ளியினின்றும் வீட்டிற்கு நடந்துவர எவ்வளவு பொழுது ஆகும் என்பதைத் தாமே உடன் நடந்து அளந்தறிந்து, அப்பொழுதிற்குள் மகன் வீடு சேர்தல் வேண்டும் என விதித்தார். இவ்வாறு கடிகாரத்திற்குக் கட்டுப்படும் வழக்கம் இளமையிலேயே ஆஷுக்கு அமைந்தது. குறித்த வேளையில் குறித்த மருந்தை உட்கொள்ளவேண்டிய காலம் பின்னர் வந்தபொழுது, அவ்வழக்கம் பெருந்துணையாயிற்று.

மற்றொரு கட்டுப்பாட்டை அவர் லிஞ்ச்பர்க் நகரத்து மருத்துவர் ராபர்ட் வால்ட்டர் ஜான்சன் என்பாரிடம் கற்றார். அம்மருத்துவர் கறுப்பினச் சிறார்க்குக் கோடை விடுமுறைகளில் டென்னிஸ் பயிற்றி வந்தவர். விம்பிள்டனில் முதன்முதல் வெற்றி கண்ட கறுப்பினப் பெண்மணி ஆல்தியா கிப்சனுக்கும் துணை நின்றவர். ஆட்டத்திற் சினம் காட்டலாகாது; நடுவர் தீர்ப்பை மறுத்துரைத்தலாகாது; எதிரி அடித்த பந்து கோட்டிற்குச் சிறிது வெளியே விழினும் உள்ளே விழுந்ததாகவே கொண்டு திருப்பியடித்தல் வேண்டும்; இவை அவர் விதித்த நெறிகள். கறுப்பினச் சிறுவன் ஒருவன் சிறிது முகம் சுளிப்பினும், அதனையே காரணமாகக் காட்டி அவனைக் களத்தினின்றும் நீக்குவார் பலர் இருந்தமையே இக்கண்டிப்பிற்குக் காரணம். பிறர் கொடுமையால் தோன்றிய இந்நெறி, நாளடைவில் ஆஷின் இயல்பாகவே அமைந்துவிட்டது.

ஆட்டக்களத்தில்

1963ஆம் ஆண்டில் டேவிஸ் கோப்பைக்குரிய அமெரிக்க அணியில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தார் ஆஷே ஆவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று 1966ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். பின்னர்ப் படையிற் சேர்ந்து பணியாற்றினார். 1968ஆம் ஆண்டில் அமெரிக்க ஓப்பன் போட்டியில் வாகை சூடினார். அவ்வெற்றிக்குரிய 14,000 டாலர் பரிசை அவர் பெற இயலவில்லை. பொருள் கருதாது ஆடும் வீரராகவே அவர் அப்பொழுது இருந்தமையால், நாட்செலவிற்குரிய சிறு தொகையே அவர்க்குக் கிடைத்தது. 1970ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பட்டமும் அவரை அடைந்தது.

நிறவெறி கோலோச்சிய தென்னாப்பிரிக்காவிற்குச் சென்று ஆட அவர் விழைந்தார். அந்நாட்டரசு நுழைவுரிமை தர மறுத்தது. 1973ஆம் ஆண்டில் உரிமை கிடைத்தபொழுது, காண்போரை நிறத்தாற் பிரித்து இருத்தலாகாது என்னும் உறுதிப்பாட்டைப் பெற்ற பின்னரே அவர் சென்றார். மறு ஆண்டில், டேவிஸ் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு வந்த நம் இந்திய நாடு, எதிரணி தென்னாப்பிரிக்காவாக இருந்தமையால் ஆட மறுத்துக் கோப்பையையே இழந்தது. அவ்விந்திய அணியின் வீரர்களுள் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் என்னும் சென்னை உடன்பிறப்பினரும் இருந்தனர். ஒரே கொடுமையை எதிர்த்து ஆஷ் களத்தினுள் நின்று போராடினார். நம்மவர் களத்தை விட்டு விலகிப் போராடினர்.

1975ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் நிகழ்ந்த விம்பிள்டன் இறுதிப் போட்டி ஆஷின் வாழ்விற் சிறந்தது. எதிர்நின்றவர் தம்மினும் ஒன்பது ஆண்டு இளையரான ஜிம்மி கானர்ஸ். விரைந்து வரும் பந்தை அதனினும் விரைவாகத் திருப்பியடித்து வெல்லுதல் கானர்ஸின் இயல்பு. ஆஷும் வன்மையாக அடித்து ஆடும் வழக்கத்தினரே. ஆயினும் அந்நாளில் தம் வழக்கத்தை முற்றும் மாற்றிக்கொண்டார். பந்தைத் தாழ்வாகவும் மெதுவாகவும் விடுத்து, எதிரி பயன்கொள்ளும் விரைவையே அவர்க்குக் கொடாது ஒழித்தார். ஆட்டத்தின் இடைவேளைகளிற் கண்மூடி அமைதியாக அமர்ந்திருந்தார். 6-1, 6-1, 5-7, 6-4 என்னும் கணக்கில் வென்று, விம்பிள்டன் பட்டம் பெற்ற முதற் கறுப்பின ஆடவர் ஆயினார். எதிரியின் இயல்பை ஆராய்ந்தறிந்து, அதற்கேற்பத் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் திறமே அவரை வெல்வித்தது. இத்திறம் பிற்காலத்திற் களத்திற்கு வெளியேயும் வேண்டப்பட்டது.

1977ஆம் ஆண்டில் அவர் மணந்த பெண்மணியின் பெயர் தமிழ் மாணவராகிய நம் செவிக்கு இனியது. புகைப்படக் கலையில் வல்ல அவ்வம்மையார் ஜீன் முத்துசாமி என்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதுவை, காரைக்கால் துறைமுகங்களின் வழியே பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த குவாதலூப் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பலர். மொழி மறைந்த பின்னும் அவர்தம் வழியினரிடத்தே பெயர் மறையவில்லை. அவ்வாறு எஞ்சிய பெயர்களுள் ஒன்று முத்துசாமி என்பது. பின்னாளில் ஆஷின் நோய்ப்படுக்கையருகே நின்று, வள்ளுவனார் கூறிய நான்காம் கூறாக விளங்கியவர் இவ்வம்மையாரே.

நெஞ்சு நோய்

1979ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், 36ஆம் வயதில், ஆஷை மாரடைப்பு தாக்கியது. அவர் புகை பிடித்தவரல்லர், உடல் பருத்தவரல்லர், நாடோறும் ஆடிப் பழகியவர். ஆயினும் தாய் தந்தையர் இருவரிடத்தும் குருதிக்குழாய் நோய் இருந்தமையால், அது மரபுவழியே அவரிடம் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் நெஞ்சில் பைபாஸ் அறுவை செய்யப்பட்டது. மறு ஆண்டு எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் ஓடிப் பயிலுங்கால் நெஞ்சில் மீண்டும் வலி எழுந்தது. ஓடுவதை அப்பொழுதே நிறுத்தினார். சின்னாளில் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார். புகழின் உச்சியிலிருந்த வீரர்க்கு இஃது எளிய செயலன்று. உடல் உரைத்த செய்தியைச் செவிமடுத்து, அதற்கேற்ப வாழ்வை மாற்றியமைத்தலே தம்மைத் தாம் பேணுதலின் முதற்படி என்பதை இங்கே காண்கின்றோம். பின்னர் அவர் டேவிஸ் கோப்பை அணியின் தலைவராயினார். அவர் தலைமையில் அமெரிக்க அணி 1981, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையை வென்றது. நெஞ்சு நோயைப் பற்றி மக்களுக்கு அறிவுறுத்தும் பணியையும் அவர் மேற்கொண்டார்.

1983ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இரண்டாம் முறை நெஞ்சறுவை நிகழ்ந்தது. அதன்பின் சோர்வு மிகுதியாக இருந்தமையால், உடல் விரைந்து தேறும்பொருட்டு அவர்க்குக் குருதி ஏற்றப்பட்டது. தானமாக வந்த குருதியில் எச்.ஐ.வி. உளதா எனக் கண்டறியும் ஆய்வு அந்நாளில் இல்லை. அமெரிக்க நாட்டில் அவ்வாய்வு 1985ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. இடையிட்ட இரண்டு ஆண்டுகள் ஆஷின் வாழ்வை மாற்றிவிட்டன. நம் நாட்டில் தானக் குருதியை இவ்வாறு ஆராய்தல் 1989ஆம் ஆண்டிற் கட்டாயமாக்கப்பட்டது. ஆண்டுதோறும் குருதிக்கொடை செய்யும் மாணவர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

குருதிவழி வந்த பகை

1988ஆம் ஆண்டு ஆஷின் வலக்கை விரல்கள் அசைவிழந்தன. டென்னிஸ் மட்டையை ஆண்ட கை, தொலைபேசியின் எண்களை அழுத்தவும் வலியிழந்தது. மூளையில் அறுவை செய்து பார்த்தபொழுது, டாக்சோபிளாஸ்மோசிஸ் என்னும் தொற்று அங்கிருந்தமை தெரிந்தது. நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றினாரையே அத்தொற்று இவ்வாறு தாக்கும். ஆகவே குருதியை ஆராய்ந்தனர், எச்.ஐ.வி. உண்மை வெளிப்பட்டது, எய்ட்ஸ் என்னும் முதிர்ந்த நிலையை அவர் அடைந்திருந்தமையும் புலனாயிற்று. மனைவியாரையும், அப்பொழுது இரண்டு வயதும் நிரம்பாத மகள் காமிராவையும் ஆராய்ந்தனர். அவ்விருவரிடத்தும் அந்நோய் இல்லை.

எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமி குருதியிலுள்ள காவல் அணுக்களுள் ஒருவகையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டு, அங்கே பெருகி அவ்வணுக்களை அழிக்கின்றது. காவல் குன்றவே, நலமுடையாரை அணுகமாட்டாத சிறு நோய்களும் புகுந்து கொல்கின்றன. அக்காலத்தில் இதற்கு ஏற்கப்பெற்ற மருந்து ஒன்றே இருந்தது. சிடோவுடின் என்னும் அம்மருந்து 1987ஆம் ஆண்டில் வந்தது. முதலில் அதனை மிகுதியான அளவிற் கொடுத்தனர். அது குருதியைக் குன்றச் செய்து நோயாளரை வருத்தியமையால், 1990ஆம் ஆண்டில் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆஷ் இதனோடு மூளைத் தொற்றிற்குரிய மருந்துகளையும், நெஞ்சிற்குரிய மருந்துகளையும் ஒருங்கே உட்கொள்ளவேண்டியவராயினார்.

இந்நிலையில் அவர் விம்பிள்டனிற் செய்ததையே செய்தார். எதிரியின் இயல்பை முதலிற் கற்றார். தம் நோயைப் பற்றிய நூல்களையும் செய்திகளையும் பயின்று, மருத்துவரிடம் வினாவி, அவர் கூறும் விடையின் காரணத்தையும் அறிந்துகொண்டார். மருந்தை வேளை தவறாது உட்கொண்டார். உடல் தாங்கும் அளவிற்குக் கோல்ஃப் ஆட்டமும் பயணமும் எழுத்துப்பணியும் மேற்கொண்டார். அமெரிக்கக் கறுப்பின விளையாட்டு வீரரின் வரலாற்றை மூன்று பெருந்தொகுதிகளாக அவர் வெளியிட்டது நோய் தெரியவந்த அதே ஆண்டிலேயாம். சோர்ந்த நாளில் அவர்க்குத் துணையானவை ஹோவர்ட் தர்மன் என்னும் கறுப்பின இறையியலாரின் நூல்கள். அத்தர்மன் 1936ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கு வந்து காந்தியடிகளைக் கண்டு அளவளாவியவர்.

மறைவும் வெளிப்பாடும்

ஆஷ் தம் நோயை மூன்றாண்டிற்கு மேலாக உலகிற்கு அறிவித்தாரல்லர். குடும்பத்தாரும் மருத்துவரும் நெருங்கிய நண்பர் சிலரும் மட்டுமே அறிந்திருந்தனர். அறிந்தோர் வாயடக்கிக் காத்தனர். அக்காலத்தில் இந்நோயுற்றோர் வேலையினின்றும் நீக்கப்பட்டனர். அவர்தம் சிறார் பள்ளிகளிற் புறக்கணிக்கப்பட்டனர். இந்நோயுடைய அயல்நாட்டாரைத் தன் எல்லைக்குள் விடாத சட்டம் அமெரிக்காவிலேயே 1987ஆம் ஆண்டு முதல் 2010ஆம் ஆண்டு வரை இருந்தது. ஆகவே அவர் மறைத்தது பொய்ம்மையன்று. தம் மகள் அமைதியாக வளர்தற்கும், தாம் இயன்றவரை பணியாற்றுதற்கும் வேண்டிய வேலியே அம்மறைவாகும். தம் உடலைப் பற்றிய செய்தியை யாரிடம், எப்பொழுது கூறுவது என்பதை முடிவு செய்யும் உரிமையும் நோயாளியின் தற்பேணலில் ஒரு பகுதியே.

அவ்வேலியைப் பிறர் உடைத்தனர். 1992ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஒரு நாளிதழார் அவர் நோயைப் பற்றிக் கேள்வியுற்று, உண்மை யாதென அவரையே வினவினர். அவர்கள் அச்சிடுமுன் தாமே உரைத்தல் நன்றென்று கருதி, மறுநாள் 8ஆம் தேதி நியூயார்க் நகரிற் செய்தியாளரைக் கூட்டி உண்மையை வெளியிட்டார். இதனை மகளுக்கு எவ்வாறு உணர்த்துவது என்னும் பகுதி வந்தபொழுது அவர் குரல் தழுதழுத்து நின்றது. அப்பகுதியை மனைவியார் எழுந்து படித்தார். தம்மை இந்நிலைக்கு உள்ளாக்கியது முறையன்று என்பதை ஆஷ் மறையாது உரைத்தார். ஆயினும் வசைமொழி ஒன்றும் கூறவில்லை.

அன்று முதல் அவர் உயிரோடிருந்தது பத்துத் திங்களே. அப்பத்துத் திங்களில் அவர் ஆற்றிய பணி வியக்கத்தக்கது. எய்ட்ஸ் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்ட ஓர் அறநிறுவனம் அமைத்தார். ஹெயிட்டித் தீவினின்றும் அடைக்கலம் நாடிவந்த கறுப்பினத்தாரை அமெரிக்க அரசு திருப்பி அனுப்பியதைக் கண்டித்து, அவ்வாண்டு செப்டம்பரில் வெள்ளை மாளிகை முன் மறியல் செய்து சிறைப்பட்டார். அதன் பின்னர் மாரடைப்பு மீண்டும் அவரை வருத்தியது. டிசம்பர் முதல் நாள், உலக எய்ட்ஸ் நாளில், ஐக்கிய நாடுகள் மன்றத்தில் உரையாற்றினார்.

தம் இனத்தார்க்குச் செய்தது

எய்ட்ஸ் தமக்கு எல்லாவற்றினும் பெருஞ்சுமையா என ஒருவர் வினவியபொழுது, அன்று என்றும், கறுப்பராகப் பிறந்து வாழ்தலே அதனினும் பெருஞ்சுமை என்றும் அவர் விடை கூறினார். கேட்டோர் திகைத்தனர். ஆயினும் அவ்விடை ஆய்ந்து நோக்கற்பாலது. 1986ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்க மக்களுட் கறுப்பினத்தார் 100க்கு 12 பேர். எய்ட்ஸ் நோயாளருள்ளோ 100க்கு 25 பேர். இதற்குக் காரணம் குருதியின் இயல்பன்று. வறுமையும், மருத்துவமனையின் தொலைவும், மருத்துவரிடத்து நம்பிக்கையின்மையுமே. அந்நம்பிக்கையின்மைக்கும் வரலாறு உண்டு. அலபாமா மாநிலத்து டஸ்கிகீ நகரில், மேகநோயுற்ற 399 கறுப்பின ஆடவரை, நோயின் போக்கைக் காணும்பொருட்டு, அரசு மருத்துவர்கள் 1932ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை உரிய மருந்து கொடாது வைத்திருந்தனர். இதனைக் கேள்வியுற்ற இனத்தார் மருத்துவமனையை அஞ்சியதில் வியப்பு யாதுளது?

எனவே 1992ஆம் ஆண்டு டிசம்பரில், மறைவதற்கு இரண்டு திங்கள் முன்னர், ஆஷ் நியூயார்க் நகரைச் சேர்ந்த புரூக்ளினில் நகர்ப்புற மக்கள் நலத்திற்கென ஒரு நிலையம் தோற்றுவித்தார். சிறுபான்மை இனத்தார்தம் நலத்தைப் பேணுதல் அதன் நோக்கம். அவர் மறைந்த பின்னர் அந்நிலையத்தார் ஒரு புதுவழி கண்டனர். மக்கள் மருத்துவமனைக்கு வாராராயின், மக்கள் கூடும் இடத்திற்கு நலக்கல்வி செல்லட்டும் எனக் கருதி, முடி திருத்தும் கடைகளையும் பெண்டிர் ஒப்பனை நிலையங்களையும் நாடினர். அங்குத் தொழில் செய்வோரைப் பயிற்றுவித்து, குருதியழுத்தம், நீரிழிவு, எச்.ஐ.வி. முதலியன பற்றி அவர்கள் வாயிலாகவே கூறச் செய்தனர். தம் மொழியில், தமக்கு அறிமுகமான ஒருவர் கூறும் சொல் அயலார் நூறு சொல்லினும் வலியுடையதன்றோ!

1993ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், தம் வாழ்க்கை நூலை எழுதி முடித்த சின்னாளில், ஆஷ் நிமோனியாக் காய்ச்சலால் உயிர்நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது 49. ரிச்மண்டில் அன்னையார் கல்லறையின் அருகே அவரை அடக்கம் செய்தனர்.

நம் வடபால்

ஆஷ் மறைந்த மூன்றாண்டில், 1996இல், பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வந்தது. கொல்லும் நோயாக இருந்தது, மருந்தால் அடக்கி வாழத்தக்க நோயாயிற்று. இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றிற்கு ஒரு மாத்திரை போதுமானது. அதனை விடாது உட்கொண்டு, குருதியிற் கிருமி கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்து நிற்பவரிடமிருந்து உடலுறவின் வழியாக நோய் பிறரைப் பற்றாது. இந்தியாவில் இந்நோய் 1986ஆம் ஆண்டிற் சென்னையிலேதான் முதன்முதற் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவியார் நிர்மலாவும் ஆவர். 2004ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தொட்டு அரசு இலவசமாக மருந்து வழங்கி வருகின்றது. முதன்முதல் வழங்கிய மருத்துவமனைகளுள் தாம்பரத்து நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. ஆகவே வள்ளுவனார் கூறிய கூறுகளுள் மருத்துவரும் மருந்தும் இன்று நம்மிடையே உள. குறைவு எங்கே எனின், நோயுற்றவர் தம் கூற்றை ஆற்றுதற்கு வேண்டிய வசதியில் உள்ளது.

கும்மிடிப்பூண்டி ஆலைகளுள் உழைக்கும் அயல்மொழியார் ஒருவர்க்கு இந்நோய் உளது எனக் கொள்வோம். அயலூரார் நோயைக் கொணர்வர் எனக் கூறுதல் பழியேயாகும். நோய் எவ்வூர் எம்மொழியையும் பார்ப்பதன்று. அவ்வுழைப்பாளி ஒரு கிழமை பகலிலும் மறு கிழமை இரவிலும் வேலை செய்வார். மாத்திரைக்கு ஒரு வேளை குறித்துக்கொள்ளல் அவர்க்கு அரிது. பலர் தங்கும் ஓர் அறையில் வாழ்வார்; மருந்துப் புட்டியை வைத்தற்குத் தனி இடம் இராது. மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழத்தல் வேண்டும். அங்கே தமிழிற் கூறுவது அவர்க்கு விளங்காது. அவர் மொழி பிறர்க்கு விளங்காது. திருவிழாவிற்குச் சொந்த ஊர் சென்றால், கைம்மருந்து தீர்ந்துவிடும். மருந்து இடையிடையே நின்றால், கிருமி அம்மருந்திற்கு அடங்காத வன்மை பெறும். இவை எல்லாம் அவர்தம் மனவுறுதியின்மையால் வருவன அல்ல. ஆஷுக்கு மனவுறுதியோடு கல்வியும் பொருளும் மொழியும் வாயடக்கிய நண்பரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. இவை இல்லாரிடம் ஆஷின் உறுதியை மட்டும் எதிர்பார்த்தல் நேர்மையன்று.

எனின், செய்யத்தக்கன யாவை? ஊர் மாறுவோர் தம் சிகிச்சைப் பதிவை வேறோர் அரசு நிலையத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். இதனைப் பலர் அறியார். 1097 என்னும் எண்ணிற்குக் கட்டணமின்றிப் பேசி, இந்நோய் பற்றிய ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டில் நிறைவேறி 2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இந்நோயைக் காரணமாகக் காட்டி வேலையிலோ கல்வியிலோ மருத்துவத்திலோ வேற்றுமை செய்தல் கூடாது. ஒருவர் இசைவின்றி அவரைச் சோதித்தலும், அவர் நிலையைப் பிறர்க்கு வெளியிடுதலும் கூடா. இச்செய்திகளை இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் எழுதி, தேநீர்க் கடையிலும் முடி திருத்தும் கடையிலும் ஒட்டிவைத்தல் மாணவராகிய நம்மால் இயலாத செயலன்று. நம் விடுதியிலேயே அம்மொழிகளை அறிந்த மாணவர் இருப்பாராயின், மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக நிற்றல் இன்னும் நன்று. நிற்பவர் அங்குக் கேட்டதை அங்கேயே விட்டு வருதல் வேண்டும். ஆஷின் நண்பர் செய்த உதவிகளுள் தலையாயது அவ்வாயடக்கமே.

1996ஆம் ஆண்டு ரிச்மண்டு நகரத்துப் பெருவீதியில் ஆஷுக்குச் சிலை எடுத்தனர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதிகளின் சிலைகள் வரிசையாக நின்ற வீதி அது. அச்சிலைகள் 2020, 2021ஆம் ஆண்டுகளில் அகற்றப்பட்டன. ஆஷின் சிலை மட்டும் அங்கே நிற்கின்றது. அச்சிலையின் ஒரு கையில் மட்டையும் மறு கையில் நூல்களும் உள. நூல் ஏந்திய கையே உயர்ந்திருக்கின்றது. சுற்றிலும் சிறுவர் நிற்கின்றனர். ஆற்றலினும் அறிவே மேல் என்பது அதன் கருத்து. தம் நோயை அறிந்தவர் அதனை ஆள்வர். அவ்வறிவை அவர்தம் மொழியில் அவர் இருக்குமிடத்திற்குக் கொண்டு சேர்த்தல் கற்றவர் கடன்.